நிறுத்தி வைத்த காரில் பேட்டரியைக் குடிப்பது எது?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். முந்தின நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி, காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். செல்ஃப் எடுக்காது. ஜம்பர் ஒயர் போட்டால் உடனே கிளம்பும், பகல் முழுக்க ஓடும். இரண்டு நாள் நிறுத்தினால் மறுபடி பேட்டரி இறங்கிவிடும். பெரும்பாலும் அடுத்து நடப்பது புதுப் பேட்டரி வாங்குவதுதான். அந்தப் புதுப் பேட்டரியும் கொஞ்ச நாளில் அதே மாதிரி படுத்துக்கொள்ளும்போதுதான், வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது என்ற சந்தேகம் வரும்.

அந்த 'ஏதோ ஒன்றை' ஊகத்தால் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பிடிக்க வேண்டும். நல்லவேளை, அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும் நிறையப் பொறுமையும் போதும்.

முதலில் பேட்டரி. 1859-இல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் வாரிசுதான் இன்றும் பானெட்டுக்குள் இருக்கிறது. உள்ளே 6 செல்கள். ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். முழு சார்ஜில், எதுவும் இழுக்காமல் ஓய்வாக இருக்கும்போது, மொத்தம் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். பாதி சார்ஜில் 12.2 பக்கம். 12.0-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். முழுசுக்கும் பாதிக்கும் நடுவே அரை வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "மீட்டர்ல 12 வோல்ட் காட்டுதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவர் கையில் இருப்பது கிட்டத்தட்ட காலியான பேட்டரி.

இப்போது கொஞ்சம் கணக்கு. வண்டியை அணைத்துப் பூட்டிய பிறகும் கடிகாரம், ரேடியோவின் நினைவகம், சென்ட்ரல் லாக்கின் ரிசீவர் எல்லாம் துளித்துளியாகக் கரண்ட் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டிகளில் இது 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை போகலாம், அது இயல்பு. வெறும் கடிகாரம் மட்டும் உள்ள பழைய வண்டியில் இன்னும் மிகக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். 45 ஆம்பியர்-மணி (1 ஆம்பியர் வீதம் 45 மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு) பேட்டரியில் 30 மில்லிஆம்பியர் போனால், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. பாதி இறங்கவே ஒரு மாதம் ஆகும். அதே பேட்டரியில் ஒரு சின்ன 5 வாட் பல்பு அணையாமல் எரிந்தால்? 0.4 ஆம்பியர், நாளைக்கு 10 ஆம்பியர்-மணி. இரண்டே நாளில் பாதி காலி. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் அந்த ஓரிரு நொடியில் கேட்பது 100, 200 ஆம்பியர். வயதான பேட்டரி பாதி சார்ஜில் அதைக் கொடுக்கத் திணறும்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப்போகும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுசாகத் திரும்பாது. ஆக, நிற்கும் வண்டியில் இப்படிக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும் கசிவு பேட்டரியையும் கெடுக்கும். கெட்ட பேட்டரியைப் பார்த்துவிட்டுக் கசிவை யாரும் தேட மாட்டார்கள்.

கசிவுதானா என்று முதலில் பாருங்கள்

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா? வந்தால் சார்ஜிங் பரவாயில்லை. அடுத்து, பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் 13 வோல்ட்கூடக் காட்டும்; அது மேலோட்டமான சார்ஜ், நம்பக் கூடாது. பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கேபிள் கழன்றிருந்தும் காலையில் வோல்ட்டேஜ் நன்றாக இறங்கியிருந்தால் குற்றவாளி பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. வண்டியைத் துழாவ வேண்டாம். அப்படியே நிலைத்து நின்றால், வண்டிதான் குடிக்கிறது.

பேட்டரியின் மேற்பரப்பையும் ஒரு பார்வை பாருங்கள். அழுக்கும் அமில ஈரமும் சேர்ந்து படிந்தால் அதுவே இரண்டு முனைகளுக்கும் நடுவே மெல்லிய கடத்தியாகிவிடும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் பேட்டரியின் பிளாஸ்டிக் மூடியைத் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் வோல்ட்டேஜ் காட்டக் கூடாது. காட்டினால், சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து உலர்த்தினால் போதும். கரைசல் செல்லுக்குள் மட்டும் இறங்கிவிடக் கூடாது.

மீட்டரை வழியில் உட்கார வைப்பது

பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் பேட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். திரும்பும் வழி பெரும்பாலும் அந்த ஒற்றை நெகட்டிவ் கேபிள். அதனால் அந்தக் கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணைத்தால், வண்டியின் மொத்தக் குடியும் ஒரே எண்ணாகத் திரையில் வந்துவிடும். வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் சுற்றுகிறதா என்று பார்ப்பது போலத்தான் இதுவும்.

நெகட்டிவ் பக்கம் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பானர் தவறி பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பாடியும் அதே நெகட்டிவ்தானே. பாசிட்டிவ் பக்கம் அப்படிப் பட்டால் தீப்பொறி பறக்கும், சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வேறு வந்துகொண்டிருக்கும். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த சில பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு இணைந்த முனை. அந்த வண்டிகளில் இதெல்லாம் தலைகீழ்.

மீட்டரை வைப்பதற்கு முன், ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பை அதே இடத்தில் தொடராக வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். எங்காவது பெரிய ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான். பல்பின் எதிர்ப்பு கரண்டை 2 ஆம்பியருக்குள் பிடித்து நிறுத்திவிடும். நேராக மீட்டரை வைத்திருந்தால் அதன் 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருக்கும். பல்பு எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது என்றால் தைரியமாக மீட்டருக்குப் போகலாம். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் சொருகுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது.

ஒரு நுட்பம் இருக்கிறது, பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கேபிளைக் கழற்றியவுடன் வண்டியில் இருக்கும் எல்லா ரிலேக்களும் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் மின்காந்த சுவிட்சுகள்) விடுபடும், எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் (வண்டியின் சின்னக் கணினிகள்) மறுதொடக்கம் ஆகும். தூங்க மறுத்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்த பெட்டி ஒன்று அந்த ஒரு நொடியில் சரியாகிவிடலாம். மீட்டரில் கசிவு தெரியாது. அடுத்த வாரம் மறுபடி பேட்டரி இறங்கும். இதைத் தவிர்க்க, கேபிளுக்கும் முனைக்கும் நடுவே முதலில் ஒரு தடித்த ஒயரைக் கிளிப் போட்டுப் பாலமாக்குங்கள். பிறகு கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரை இணையுங்கள். கடைசியில் பாலத்தை எடுங்கள். கரண்ட் ஒரு கணம்கூட அறுபடாது.

அப்புறம் காத்திருக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்து வண்டி என்றால் எண் உடனே நிலைத்துவிடும். 1990-களுக்குப் பிந்தைய வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். 20, 30 நிமிடம் சர்வ சாதாரணம், சிலவற்றில் இன்னும் அதிகம். திரையில் எண் (ஆம்பியரில்) படிப்படியாக இறங்குவதைப் பார்க்கலாம்: 3.2, கொஞ்ச நேரம் கழித்து 0.8, பிறகு 0.3, கடைசியில் 0.03. நடுவில் கதவைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. அதனால் முன்கூட்டியே கதவைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் மடக்கிவிடுங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். (வேலை முடிந்து கதவைச் சாத்துவதற்கு முன் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பூட்டு உடையும்.) பானெட்டுக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் அழுத்திக் கட்டிவிடுங்கள். ரிமோட் சாவியைத் தூரமாக வையுங்கள்.

எண் என்ன சொல்கிறது

இறங்கி நின்ற எண் 0.03 என்றால் கவலை இல்லை. 0.4-இல் நின்றுவிட்டால் வேட்டை தொடங்குகிறது. ஆனால் ஃபியூஸைப் பிடுங்க ஓடாதீர்கள். அந்த எண்ணே பாதி துப்பு.

0.4 ஆம்பியர் என்றால் 5 வாட். கார்களில் 5 வாட் எடுப்பது எது? டிக்கி விளக்கு, டேஷ்போர்டு அறை விளக்கு, கதவு விளக்கு. மூடியவுடன் அணைய வேண்டிய இந்த விளக்குகள் அணைகின்றனவா என்று வெளியிலிருந்து பார்க்கவே முடியாது என்பதுதான் வேடிக்கை. போனில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடி, சற்று நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். காட்சி இருட்டாகிவிட்டதா, இல்லை, உள்ளே இருக்கிற ஜாக்கி கடைசி வரை பளிச்சென்று தெரிகிறதா?

0.15 ஆம்பியர் பக்கம் நின்றால் ரிலேயைச் சந்தேகிக்கலாம். சாதாரண கார் ரிலேயின் சுருள் எதிர்ப்பு 80 ஓம் அளவில் இருக்கும். 12-ஐ 80-ஆல் வகுத்தால் 0.15. அணைய வேண்டிய ரிலே ஒன்றுக்கு எங்கிருந்தோ இன்னும் கட்டளை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிலேக்களை வரிசையாகத் தொட்டுப் பார்த்தால் அந்த ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும்.

3.5 ஆம்பியரா? 42 வாட், அதாவது இரண்டு 21 வாட் பல்பு: பிரேக் விளக்குகள். பெடல் மேலே வரும்போது சுவிட்சின் பொத்தானை அழுத்துவதற்கு சில வண்டிகளில் ஒரு சின்ன பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குமிழ் இருக்கும். வருடக்கணக்கில் இறுகி ஒரு நாள் அது பொடிந்து உதிரும். சுவிட்சின் பொத்தான் அந்த ஓட்டைக்குள் நுழைந்துகொள்ள, பெடலை யாரோ மிதித்துக்கொண்டே இருப்பதாக வண்டி நினைக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி 13 மணி நேரத்தில் காலி. கால் வைக்கும் இடத்தில் கீழே நாலைந்து பிளாஸ்டிக் சில்லுகள் கிடந்தால் அதுதான் சாட்சி.

எண் நிலைக்காமல் சீராக ஏறி ஏறி இறங்கினால், அலாரம் அல்லது ஜிபிஎஸ் டிராக்கர் மாதிரி விட்டுவிட்டு விழிக்கும் சாதனமாக இருக்கலாம்.

இனி ஃபியூஸ்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீட்டரைப் பார்ப்பது பழைய வழி. எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, கசிவு அந்தக் கிளையில் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் குறைந்த வண்டிக்கு இதைவிட எளிய முறை இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உள்ள வண்டியில் ஃபியூஸைத் திரும்பச் சொருகும்போது தூங்கிய பெட்டி விழித்துக்கொள்ளும். மறுபடி அரை மணி நேரக் காத்திருப்பு.

அங்கே ஓம் விதி (வோல்ட்டேஜ் = கரண்ட் × எதிர்ப்பு) கைகொடுக்கும். ஃபியூஸும் ஒரு எதிர்ப்புதான், மிக மிகச் சின்ன எதிர்ப்பு. 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸில் சுமார் 7, 8 மில்லிஓம். அதன் வழியே கரண்ட் போனால் இரு முனைகளுக்கும் நடுவே மில்லிவோல்ட் கணக்கில் வோல்ட்டேஜ் விழும். 1 மில்லிவோல்ட் விழுந்தால் ஏறக்குறைய 130 மில்லிஆம்பியர் ஓடுகிறது. பிளேடு ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரிகின்றன அல்லவா? மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டுக்கொண்டே போகலாம். எதையும் பிடுங்க வேண்டாம், எதுவும் விழிக்காது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில் ஒன்று மட்டும் 3 மில்லிவோல்ட் காட்டும். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் எதிர்ப்பு இன்னும் குறைவு. அதே கரண்டுக்கு இன்னும் சின்ன எண்தான் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒயரை அறுக்காமலே அளக்கலாம். ஆனால் டிசி அளப்பதாக இருக்க வேண்டும், பத்து மில்லிஆம்பியரையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இங்கே உதவாது.

எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும்

எல்லா ஃபியூஸையும் எடுத்தாயிற்று, எண் அசையவில்லை. பழைய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமலே பேட்டரியோடு இணைந்த பாகங்கள் அவற்றில் அதிகம். ஸ்டார்ட்டர், டீசல் வண்டியில் இன்ஜின் கிளம்ப உள்ளே சூடேற்றும் க்ளோ பிளக்கின் ரிலே, சில வண்டிகளில் சாவி சுவிட்சுக்குப் போகும் தடித்த ஒயர். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்.

ஆல்டர்னேட்டர் உருவாக்குவது மூன்று கட்ட மாறுதிசை மின்சாரம். அதை நேர்மின்சாரமாக்க உள்ளே குறைந்தது 6 டையோடுகள். டையோடு ஒரு வழிப் பாதை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போக விடும், திரும்பி வர விடாது. அந்த நம்பிக்கையில்தான் இந்த இரண்டையும் நிரந்தரமாக இணைத்து வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த டையோடு ஒன்று கெட்டால், நிற்கும் வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் பின்னோக்கி, ஆல்டர்னேட்டருக்குள் சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர் சுருளுக்குள் நுழையும். அங்கிருந்து, கெட்டுப்போன இன்னொரு டையோடு வழியாகவோ, சுழலும் பாகமான ரோட்டரின் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் பாதை வழியாகவோ எர்த்துக்குப் போகும்.

இரண்டாவது வழியில் போனால் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. ரோட்டர் என்பது ஒரு மின்காந்தம். சாவி எடுத்த நிலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது, ஸ்குரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங் அருகே கொண்டுபோங்கள். வெடுக்கென்று இழுத்தால் ரோட்டரில் கரண்ட் ஓடுகிறது. காலையில் இன்ஜின் சில்லென்று இருக்க, ஆல்டர்னேட்டரின் முதுகு மட்டும் சூடாக இருப்பதும் அதே செய்திதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட்டேஜ் அளந்து பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடு சரியில்லை. முடிவாகத் தெரிய வேண்டுமா? பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து நுனியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, மீட்டரோடு பேட்டரியை மறுபடி இணையுங்கள். எண் விழுந்தால் கதை முடிந்தது.

ஆல்டர்னேட்டருக்கு முந்தைய காலத்து வண்டிகளில் அதே வேலையைச் செய்தது டைனமோ. அதில் பேட்டரியைப் பிரித்து வைப்பது கட்-அவுட் என்கிற ரிலே. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், பேட்டரி டைனமோவை மோட்டார் மாதிரிச் சுற்றப் பார்க்கும். பெல்ட் பிடித்துக்கொண்டிருப்பதால் அது சுற்றாது. கரண்ட் மட்டும் போய்க்கொண்டே இருக்கும், ஒயர் சூடாகும் அளவுக்கு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், பழைய காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தொழிற்சாலைக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட சாமான்களைத்தான்: ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், அலாரம், கூடுதல் ஹாரன், யாரோ எப்போதோ மாட்டிய சார்ஜர் துளை. ஸ்டீரியோவுக்கு இரண்டு பாசிட்டிவ் ஒயர்கள் வரும். மஞ்சள் எப்போதும் கரண்டில் இருக்கும், நினைவகத்துக்காக. சிவப்பு சாவியோடு சேர்ந்து வந்து போகும். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் ஒட்டியிருப்பார்கள். செட்டை அணைத்தாலும் அது முழுசாகத் தூங்காது. ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதையும் எழுப்பி வைத்திருக்கும். ஒயரிங் வரைபடத்தில் இல்லாத ஒயர், பல நிற டேப், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் கிளம்பும் மெல்லிய ஒயர் ஆகியவை கண்ணில் பட்டால் அங்கிருந்தே தேடலாம்.

கசியும் கிளை தெரிந்த பிறகு, அந்த ஃபியூஸில் என்னென்ன தொங்குகிறது என்று வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதுதான். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் கரண்ட் போனால் ஒயரே எங்கோ உரசிப் பாடியைத் தொடுகிறது. கதவு கீல் பக்கம், டிக்கி கீல் பக்கம், தினமும் மடங்கி விரியும் இடங்களில் முதலில் பாருங்கள்.

தினமும் வராமல் எப்போதாவது வரும் கசிவுதான் பெரிய தலைவலி. அதற்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் பதிவு செய்யும் மீட்டரை ராத்திரி முழுக்க இணைத்து வைக்க வேண்டும். காலையில் அதிகபட்சம் 4 ஆம்பியர் என்று காட்டினால், யாரும் பார்க்காத நேரத்தில் ஏதோ ஒரு ரிலே தானாக ஒட்டி விட்டிருக்கிறது. குளிர்விப்பு விசிறியின் ரிலேயிலிருந்து தொடங்கலாம்.

ஒன்றைச் சரிசெய்த பிறகு மறுபடி அளக்காமல் விடாதீர்கள். 0.55 இருந்தது 0.15 ஆகியிருந்தால் பல்பு போய்விட்டது, ரிலே இன்னும் இருக்கிறது. அது 0.03-க்கு வந்த பிறகு கேபிளை இறுக்கி, ரேடியோவின் ரகசிய எண்ணைக் கொடுத்து, கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிற வண்டி என்றால் அந்த 0.03-ம் அதிகம்தான், நெகட்டிவ் முனையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் மாட்டிவிடுங்கள்.